சுவரை மறைத்தவர்

கொளஞ்சியப்பன் கடலூர் முதுநகருக்கு மேற்கே முப்பத்தைந்து வருஷம் செம்பாறைக் கல் வெட்டியவர். சொந்த வீட்டையும் அதே கல்லில் கட்டினார். முன்சுவருக்குப் பூச்சு வேண்டாமென்று மகனோடு சண்டை போட்டு நிறுத்தியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்த பிறகு, அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள்.

போன தை மாதம் மருமகள் வெண்மதி, “நாளைக்கு போட்டோ எடுக்க சிதம்பரத்துலேர்ந்து வராங்க” என்றாள். கல்வீடுகளை ஊர் ஊராகப் படம் எடுக்கும் சுவேதா என்ற பெண் வரப்போவதை அவள் விளக்கிச் சொல்லவில்லை. படுத்த கிழங்களை முன்கூட்டியே படம் எடுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் அதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

“மாலை போட அவசரமா இவளுக்கு? எடுக்கட்டும், எடுக்கட்டும். ஆனா பாய்ல வேணாம் தங்கச்சி. என் சொவத்துக்கு முன்னால ஒக்காந்துதான்.”

மறுநாள் சவரம் செய்து, குளிப்பாட்டி, விழுந்த கையை முதலில் நுழைத்துச் சட்டை போட்டு, வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தேன். வாய் கோணாமல் இருக்க இரண்டு முறை சிரித்துப் பார்த்தார்.

சுவேதா வந்து கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு என்னிடம் மெதுவாக, “அம்மா, அவர கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போறீங்களா? சுவர மறைக்குது” என்றாள்.

படத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரையும் சேர்த்து எடுத்திருப்பாள். எனக்கோ கஞ்சி அடுப்பில் இருந்தது. நோயாளியை அசைக்கும் முன் காரணம் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியில் முதல் பாடம். சொல்லாமலே தூக்கினேன்.

“இன்னும் எடுக்கலியே?”

“எடுத்தாச்சு அண்ணே.”

அதன்பிறகு தினமும், “போட்டோ வந்துச்சா?” என்று கேட்டார். இருபது நாள் கழித்துத் தபாலில் வந்தது. பெரிய படம். ஒவ்வொரு கல்லும் தெளிவாக இருந்தது. இடது கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“நான் எங்க?”

உண்மையைச் சொன்னேன். “அந்தப் பொண்ண மறுபடி வரச் சொல்றேன் அண்ணே” என்றும் சொன்னேன்.

“வேணாம். அதுக்கு வேண்டியத எடுத்துக்கிச்சு. நீதான் எடுத்தாச்சுன்ன.”

அதற்கு முன்பெல்லாம் தூக்கும்போது நல்ல கையை என் தோளில் போட்டு எனக்குப் பாரம் குறைப்பார். இப்போது அந்தக் கை அவர் மடியிலேயே கிடக்கிறது. முழு எடையும் என் இடுப்பில் இறங்குகிறது. கையைப் போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.