எட்டு ஓநாய்க்கு ஒரு சஹன்

கேம் மாஸ்டரா இரிக்கிறவனுக்குப் பூதம், பறக்கிற பாம்பு ஒண்டும் பயமில்ல. "மந்திரத்தால மிருகம் கூப்பிடப் போறன்" எண்டு ஒருத்தன் சொல்றதுதான் பயம். இதுல மாட்டின ஆக்களுக்கு விளங்கும். விளங்காதவங்களுக்கு: மேசையைச் சுத்தி இருந்து ஆளுக்கொரு வீரனா மாறி, டைஸ் உருட்டிச் சண்டை பிடிக்கிற கதை விளையாட்டு இது. பூதம், பாம்பு, மிச்ச உலகம் முழுக்க கேம் மாஸ்டரான நான். எங்கட ஆட்டம் கல்முனையில, வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு பின்னேர அஸர் தொழுகை வரைக்கும், எங்கட வீட்டு ஹோல்ல.

ஓநாய் வந்த வெள்ளி

ரிஸ்வான் பாமசி வச்சிரிக்கான், ஆட்டத்துல மந்திரவாதி. முதல் தடவையா எட்டு ஓநாயைக் கூப்பிட்டான், எனக்கே மயிர் கூச்செறிஞ்சிச்சி. மறுகாதான் வினை. ஒவ்வொண்டும் தனியா ஓடணும், தனியா கடிக்கணும், தனித்தனியா டைஸ். அஸர் பாங்கு சொல்லக்குள்ள அஞ்சாவது ஓநாய்தான் கடிக்குது. கெதியா முடி எண்டன். "பொறுடா மச்சான், கூப்பிட்டு எடுத்த ஆக்களைக் கவனிக்காம விடுறது மரியாதையில்லையே" எண்டான்.

சிவாட முறை

மற்ற ஆள் சிவா, பாண்டிருப்புல கரைவலை இழுக்கிறவன். ஜும்ஆவுக்காக வலை நிக்கிற வெள்ளிதான் அவனுக்கு ஓய்வு. அவன்ட வாள்வீரனுக்கு மூணு வெள்ளியா ஒரு வெட்டுக்கூட ஒழுங்காக் கிடைக்கல்ல. மூணாவது வெள்ளி செருப்பைப் போட்டுட்டு வாசல்ல நிண்டான். இவன் போனா மிச்சம் நானும் ரிஸ்வானும் எட்டு ஓநாயும்தான், ஆட்டம் அத்தோட சரி.

என்னை அண்ணன் முறையில காக்கா எண்டுதான் கூப்பிடுவான். "காக்கா, ஓநாயெல்லாம் வடிவா விளையாடட்டும், நான் போய் கிழிஞ்ச வலையைப் பொத்துறன்" எண்டான்.

கலியாண வீட்டுச் சட்டம்

அடுத்த நாள் சாய்ந்தமருதுல கலியாணம். பெரிய தட்டைச் சுத்தி ஆறு பேர், அதுதான் ஒரு சஹன். சிவாவுக்கு ஒரு வெட்டும் கிடைக்காததை நினைச்சிட்டு, என்ட பங்கும் அப்படிப் போயிடும் எண்டு, எனக்கு மட்டும் ஒரு துண்டு இறைச்சி எண்டு பரிமாற வந்தவரைக் கேட்டன். அவர் ஒரு கோப்பை இறைச்சியைத் தட்டு நடுவுல கவிழ்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, இஞ்ச ஆளுக்குப் பார்க்கிறல்ல, சஹனுக்குத்தான் பார்க்கிற."

ஓநாய்க்கும் இதுதான் சட்டம் எண்டு கையில சோத்தோடயே எனக்கு விளங்கிச்சி. சந்தோசம் தாங்கல்ல.

ஒரே உருட்டு

அடுத்த வெள்ளி சிவாவைக் கெஞ்சிக் கூட்டி வந்தன். எட்டு ஓநாயும் ஒரு சஹன், சேர்ந்து ஓடும், சேர்ந்து கடிக்கும், ஒரே டைஸ் எண்டன். ரிஸ்வானுக்கு முகம் சுருங்கிச்சி. கடி பட்டா எட்டும் படும் எண்டதும் நிமிர்ந்து இருந்தான்.

பூதம் சிவாட வீரனைச் சுவரோட நசுக்குது, உயிர் போற நேரம். ரிஸ்வான் உருட்டினான். இருபது, அந்த டைஸ்ல அதுக்கு மேல இல்ல! எட்டும் ஒண்டாப் பாஞ்சு பூதத்தைக் கீழ விழுத்திச்சி. நாங்க மூணு பேரும் கதிரையை விட்டு எழும்பிட்டம். பூதம் இன்னும் சாகல்ல, முறை சிவாவுக்கு. ரிஸ்வான் தன்ட டைஸை எடுத்து அவன்ட கையில வச்சான். ஒரே வெட்டு, பூதம் முடிஞ்சிச்சி. அஸருக்கு இன்னும் நேரம் கிடந்திச்சி.

சிவா செருப்பைத் தேடல்ல. "ரிஸ்வான், அடுத்த கிழமையும் ஓநாயைக் கூப்பிடு, ஆனா என்னையும் அந்தச் சஹன்ல இருத்து" எண்டான்.

ஆக, கேம் மாஸ்டர்மாரே, விருந்துக்கு ஆள் கூப்பிடுறவன்ட கையைப் பிடிக்க ஏலாது, தட்டை மட்டும் ஒண்டாக்கிடுங்க.