கண்ணை மூடிச் சும்மா இருங்கள்

ஞானசெல்வி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய சர்ச் சபையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், பயோமெடிக்கல் துறையில் உதவிப் பேராசிரியை என்று சொன்னால், "அப்போ ஊசி போடுவியா?" என்று கேட்பார்கள். ஊசி இல்லை, மருத்துவமனைக் கருவிகளைப் பற்றிய படிப்பு என்று விளக்கினால், மறுநாளே ஓடாத பிரஷர் மெஷின் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அவளும் அதைக் கழற்றிச் சரிபண்ணிக் கொடுத்துவிடுவாள். அந்த வகையில் அவளுக்கு ஊரில் நல்ல பெயர்.

அந்தப் படிப்பை அவள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சலிங்கில் அவள் முறை வந்தபோது மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த அப்பா ரசலையன், "பேருல மெடிக்கல் இருக்குல்லா, எடுத்துக்கோ மக்ளே" என்றார். அந்த அப்பா கடைசிக் காலத்தில், பல வருஷம் போய்வந்த அதே எஸ்டேட் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் மறந்து கடைசி நிறுத்தம்வரை போய் உட்கார்ந்திருந்தார். வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி இல்லை என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்று அவள் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தது அதற்குப் பிறகுதான்.

பதிவு செய்வது சுலபம், முடிப்பதுதான் பெரும்பாடு. தனியார் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவளின் நிலைமை தெரியாதவர்கள் பாக்கியவான்கள். வகுப்பு, விடைத்தாள், கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு வரும்போது அடுக்கிக் காட்ட வேண்டிய கோப்புகள், மே மாதமானால் வெயிலில் வீடுவீடாகப் போய், "உங்க பிள்ளையை எங்க காலேஜ்ல சேருங்க" என்று கேட்கிற வேலை. இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் கிடைக்கிற அரை நாள்தான் ஆராய்ச்சிக்கு. நீச்சல் தொப்பி ஒன்றில் ஓட்டை போட்டு, எலக்ட்ரோடுகளைப் பொருத்தி, மூளையின் அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. தொப்பி ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து அவளே செய்தாள். விலைக்கு வாங்கப் போனால் துறையையே விற்க வேண்டியிருக்கும்.

துணைக்குக் கிடைத்தவள் ஆதிரா. தோவாளைப் பக்கத்தில் பூ விவசாயம் செய்கிற குடும்பம். பெங்களூரில் நரம்பு உளவியல் படித்துவிட்டு நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றில் வேலைக்கு வந்திருந்தாள். வந்தவர்களைக் கடிகாரம் வரையச் சொல்வது, பத்து வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்பது என்று நாள் முழுவதும் நினைவாற்றலைச் சோதிக்கிற வேலை. "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கக்கூடிய பொண்ணு" என்று ஊரில் பரவி இரண்டு சம்பந்தம் தட்டிப் போனதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். இருவரும் பழகியது ஒரு கருத்தரங்கில். படித்த இரண்டு பெண்களையும் வரவேற்புக் குழுவில் போட்டு, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க நிறுத்தியிருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே இருவரும் ஆராய்ச்சியைத் திட்டமிட்டு முடித்தார்கள்.

திட்டம் இதுதான். மறதி ஆரம்பித்திருக்கிறவர்கள் கொஞ்சம் பேர், அதே வயதில் நல்ல நினைவோடு இருக்கிறவர்கள் கொஞ்சம் பேர். இருதரப்பிலும் தொப்பியை மாட்டி, கண்ணை மூடிச் சும்மா இருக்கச் சொல்லி, மூளையின் அலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. நோயாளிகளை ஆதிரா தன் மருத்துவமனையிலிருந்து அனுப்பினாள். நல்ல நினைவோடு இருக்கிறவர்களுக்கு எங்கே போவது என்று ஞானசெல்வி கவலைப்பட்டபோது அம்மா நேசம்மாள் கையைத் தட்டினாள்.

"அதுக்கெதுக்கு நீ விசாரப்படுக? எங்க சங்கத்து பொம்பளைங்க இருக்காங்கல்லா? பத்து வருஷத்துக்கு முந்தி யாரு யாருக்கு என்ன சொன்னான்னு எல்லாம் ஓர்மை வச்சிருப்பாங்க."

நேசம்மாள் ஓய்வுபெற்ற டீச்சர். சபையில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். அவள் சொன்னால் சங்கம் கேட்கும். தலையில் எண்ணெய் தேய்க்காமல் வரவேண்டும் என்று ஞானசெல்வி சொல்லி அனுப்பியிருந்தாள். எல்லோரும் தலைகுளித்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலையைக் கட்டி, போட்டோவுக்கு வருவதுபோல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். கண்ணை மூடிச் சும்மா இருக்கச் சொன்னாள். அத்தனை பேரும் அசையாமல் அழகாக இருந்தார்கள். இப்படி ஒத்துழைக்கிற ஆட்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பார்கள் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

முடிவைப் பார்த்தபோது அவளாலேயே நம்ப முடியவில்லை. சங்கத்துப் பெண்களின் நெற்றிப் பகுதியில் ஒரு அலை ஓங்கி எழுந்து நின்றது. நோயாளிகளிடம் அது பேருக்குத்தான் இருந்தது. நல்ல நினைவாற்றலின் அடையாளம் இந்த அலை என்று இருவரும் கட்டுரை எழுதினார்கள். பெயர்பெற்ற பத்திரிகை ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்டுரை இருந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். இந்தக் கல்வியாண்டுக்குள் பட்டம் வாங்காதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரி முதல்வர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஞானசெல்வி அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சுவிட்டாள். நேசம்மாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள். "மகளின் ஆராய்ச்சியைக் கர்த்தர் ஆசீர்வதித்ததற்காக" என்று ஆலயத்தில் வாசித்தார்கள்.

பிறகு அசனம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சபை முழுவதற்கும் சோறு பொங்கிப் பந்தி வைக்கிற விருந்து. ஆலயத்துப் பின்புறம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஞானசெல்வியும் ஒரு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சங்கத்து ஓமனா மாமி அவள் தோளில் இடித்தாள்.

"பாத்தியா மக்ளே, எங்க ஜெபம் பலிச்சுப்போச்சு."

"என்ன ஜெபம் மாமி?"

"ஏட்டி, நீ தலையில வயரெல்லாம் மாட்டி கண்ண மூடச் சொன்னியே, அப்போதான். உனக்க அம்மா எங்களுக்கெல்லாம் முன்னமே சொல்லி வச்சிருந்தா. அவ கண்ண மூடச் சொல்லுவா, சும்மாதானே இருக்கப் போறீங்க, எனக்க பிள்ளைக்க படிப்புக்காக ஜெபம் பண்ணிருங்கன்னு. நாங்க ஒருத்தர் விடாம பண்ணினோம் கேட்டியா."

ஞானசெல்வி கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளைத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் அலை எழும்புவதற்கு முன்னால் கொஞ்சநேரம் அமைதி. பிறகு எழும்பி நிற்கிறது. முடிவில் உதட்டுத் தசையின் சின்னத் துடிப்பு ஒன்று, அதோடு அலை இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்துக்குக் 'கவனச் சோர்வு' என்று கட்டுரையில் அவள் பெயர் வைத்திருந்தாள். அது சோர்வில்லை, ஆமென். அத்தனை பெண்களும் அவளுக்காக வேண்டி, ஆமென் சொல்லி முடித்திருந்தார்கள். அதைத்தான் நல்ல நினைவாற்றல் என்று உலகத்துக்கு அவள் சொல்லப்போகிறாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் வாயைத் திறக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? சங்கத்துப் பெண்கள் அந்தப் பத்திரிகையைப் படிக்கப்போவதில்லை. பத்திரிகைக்காரர்கள் அசனத்துக்கு வந்து கத்தரிக்காய் நறுக்கப்போவதில்லை. இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகள், வேலை, எல்லாம் ஒரு கட்டுரையில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மனம் ஒரு பக்கம் சமாதானம் சொல்லும், அடுத்த நிமிஷமே குத்திக்காட்டும். கடைசியில் தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போய் ஆதிராவிடம் கொட்டினாள்.

ஆதிரா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மா பெரிய ஆளுதான் கேட்டியா" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. கட்டுரையில் இரண்டாவது பெயர் அவளுடையது. ஊர் வாயை அடைக்க அவளுக்கும் அது ஒன்றுதான் இருந்தது.

"விட்டுருவோமா?" என்று ஞானசெல்வி மெல்லக் கேட்டாள். "சின்னக் குறைன்னு ஒரு வரி எழுதிட்டு?"

ஆதிரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ஒரு மனுசன் வருவாரு. கோயிலுக்கும் போகமாட்டாரு, சர்ச்சுக்கும் போகமாட்டாரு. கண்ண மூடிச் சும்மா இருங்கன்னா நெசமாவே சும்மா இருப்பாரு. நம்ம மெஷினு அவருக்கு மறதி நோயின்னு சொல்லிரும். வீட்டுல உள்ளவங்க அதையே நம்புவாங்க. உங்கப்பாக்கு ஆனதுக்கு நேர் தலைகீழா ஆகும். எனக்குப் பயமா இருக்கு செல்வி."

அப்பா பேச்சு வந்ததும் ஞானசெல்வி முடிவு செய்துவிட்டாள். இருவரும் சேர்ந்தே பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். முதல்வர் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். ஜெபம் பண்ணியதால் ஆராய்ச்சி கெட்டது என்று தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை என்றார். அடுத்த கல்வியாண்டு முடிவுவரை பொறுப்பதாகவும், அதற்குமேல் ஒருநாள்கூட இல்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

அம்மாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சொன்னதும் நேசம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்த டீச்சரின் குரல் உள்ளே போய்விட்டது.

"ஜெபம் பண்ணினது தப்பா மக்ளே?"

"தப்பில்லம்மா. நான்தான் நம்ம ஆளுங்களத் தெரிஞ்சும் யோசிக்காம விட்டேன். கண்ண மூடச் சொன்னா நம்ம பொம்பளைங்க வேற என்ன செய்வாங்க?"

அன்றைக்கு நேசம்மாள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவளே சங்கத்துக்குப் போன் போட்டு, எல்லோரும் திரும்பவும் தலைகுளித்து வரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது தடவை ஆதிராவும் கூட இருந்தாள். முதலில் கண்ணைத் திறந்து கணினித் திரையைப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தார்கள். இந்த மாதிரிச் சோதனைகளில் பார்வை அலையாமல் இருக்க, திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறியை வைப்பது உலக வழக்கம். ஓமனா மாமி அதைக் கண்டதும் கைகூப்பி, "ஆண்டவரே" என்றாள். அந்த யோசனை அதோடு போயிற்று. பிறகு ஆதிராவுக்கு ஒன்று தோன்றியது.

"மாமி, உங்க ஜெபத்துல ஆமென் சொன்ன பிறவு என்ன செய்வீங்க?"

"என்னத்த செய்ய? ஜெபம் முடிஞ்சுல்லா. எந்திச்சு போவோம்."

"எந்திக்காதீங்க. அப்படியே இருங்க. அதுதான் எங்களுக்கு வேணும்."

அப்படியே செய்தார்கள். தொப்பியை மாட்டியதும் ஒவ்வொருவரும் ஆசைதீர ஜெபித்து, சத்தமாக ஆமென் சொன்னார்கள். அதன்பிறகுதான் பதிவு தொடங்கும். ஜெபம் முறையாக முடிந்துவிட்ட திருப்தியில் பெண்கள் உண்மையாகவே சும்மா இருந்தார்கள். ஒருத்திக்குக் குறட்டைகூட வந்தது; எழுப்பிவிட்டு அவளுக்கு மட்டும் மறுபடி பதிவு செய்தார்கள். அலைகள் ஒழுங்காக இருந்தன. நோயாளிகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் முன்பு போல ஆர்ப்பாட்டமாக இல்லை. ஆனால் இருந்தது. சின்னதாக இருந்தாலும் அது நிஜமானது.

கடைசியாக நேசம்மாள் உட்கார்ந்தாள். ஜெபித்தாள், ஆமென் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். திரையில் நெற்றி அலை ஓங்கி எழுந்தது.

"அம்மா, ஜெபம் பண்ணுதீங்க."

"இல்ல மக்ளே. சத்தியமா இல்ல."

"மெஷினு காட்டுதும்மா."

நேசம்மாள் ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். பிறகு முழங்கால்மேல் இருந்த கைகளைப் பிரித்து வைத்துவிட்டு மறுபடி மூடினாள். அலை கொஞ்சம் எழுந்தது, தடுமாறியது, இறங்கியது. பிறகு எழவே இல்லை. பதிவு முடியும்வரை அம்மாவின் முகம் ஏதோ பாரம் தூக்குகிறவள் முகம்போல் இருந்ததை ஞானசெல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"முடிஞ்சும்மா. நல்லா வந்திருக்கு."

நேசம்மாள் கண்ணைத் திறக்கவில்லை.

"நீ எனக்க வயித்துல இருக்கியன்னு தெரிஞ்ச அன்னையிலேருந்து, கண்ண மூடினா உனக்க பேருதான் மொதல்ல வரும் மக்ளே. அதுக்கு ஜெபம்னு ஒண்ணும் வேண்டாம், அதுவா வந்திரும். இன்னைக்குத்தான் வராதேன்னு வெளிய நிறுத்தி வச்சேன். ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

ஞானசெல்வி எட்டி மெஷினை நிறுத்தினாள். தொப்பியின் வாரைக் கழற்றத் தொடங்கினாள்.

"மெஷின நிறுத்தியாச்சா?" என்று கேட்டாள் நேசம்மாள்.

"நிறுத்தியாச்சும்மா."

"அப்போ இனி உன்ன நெனைக்கலாம்லா?"