சோடிகளுக்கு மைக் பிடித்த காலம்

மேடையில் மைக் பிடிப்பவனுக்குச் சபை சிரித்தால் போதும். யாரைப் பார்த்துச் சிரித்தது என்ற கவலை வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். கலியாண வீட்டிலோ கோயில் பெருநாளிலோ மைக் பிடித்து வாயைக் கொடுத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த எங்கள் தேவாலயப் பங்குச் சனம் முள்ளியவளைப் பக்கம் கொட்டில்களில் இருந்தது. பெருநாள் பின்னேரங்களில் கணவனும் மனைவியுமாக மேடையேறி, தங்கள் வாழ்க்கையில் நடந்த உண்மைக் கதையொன்றைச் சொல்லட்டும், சனத்துக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்றார் பங்குச் சுவாமி. ஆள் பிடிப்பதும் கேள்வி கேட்பதும் என் பொறுப்பு. நான் பள்ளிக்கூட வாத்தியார். பகிடிக்காரன் என்று பெயர். வாங்குப் பலகைகளை அடுக்கி மேடை, உழவு இயந்திரத்தின் பற்றரியில் மைக்.

வலைக்குத் திரும்பிப் போனவர்

முதல் சோடி மரியதாசும் வேரோணிக்காவும். தாங்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை என்று மரியதாஸ் கதையை முடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. உண்மையைச் சொல்லுங்கோ என்று வேரோணிக்காவிடம் மைக்கை நீட்டினேன்.

அவா சொன்னா. ஷெல் விழுந்து ஊர் ஓடிய அன்று, தன்னையும் கைக்குழந்தையையும் றோட்டில் விட்டுவிட்டு அவர் மீன்பிடி வலையை எடுக்கத் திரும்பிப் போனாராம். வந்து சேர இரண்டு நாளாம். சபை அப்படியே அடங்கிவிட்டது. மைக் பிடிப்பவனுக்கு அமைதி என்றால் பயம். வலைதானே மூத்த பெண்சாதி என்று ஒரு பகிடி விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மரியதாசும் தலையைக் குனிந்தபடி சிரித்தார். வேரோணிக்கா மைக்கை என் கையில் திருப்பித் தந்தா: "நான் பகிடிக்குச் சொல்லேல்லை, மாஸ்டர்."

பிலிப்பு எழுதிய கடிதங்கள்

அடுத்த பெருநாளுக்குச் சூசைமுத்துவும் மனைவியும் ஏறினார்கள். கலியாணத்துக்கு முன் தான் அனுப்பிய கடிதங்களில் ஒன்றைக்கூடத் தான் எழுதவில்லை, எல்லாம் சிநேகிதன் பிலிப்பு எழுதித் தந்தது என்று சூசைமுத்து ஒத்துக்கொண்டார். அது தனக்கு அப்போதே தெரியும் என்றா மனைவி. சபைக்கு நல்ல சந்தோசம்.

அந்தளவில் விட்டிருக்கலாம். நான் சனத்துக்குள் இருந்த பிலிப்பைத் தேடி எழுப்பி, அந்தக் கடிதங்களில் இருந்து இரண்டு வரி சொல்லச் சொன்னேன். மனுசன் வெட்கப்பட்டுக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல் சொன்னார். கைதட்டல் அடங்க முன்னமே அவருடைய மனைவி எழும்பிப் போய்விட்டா. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். பிலிப்புக்குக் கோபமில்லை. விறகு கொத்துவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பதினாறு வருசத்திலை அவளுக்கு நான் ஒரு கடிதமும் எழுதேல்லை, மாஸ்டர். அது எனக்கே நேற்றுத்தான் தெரிஞ்சது."

எங்கள் முறை

மூன்றாம் முறை சுவாமி என்னையும் மனைவி றீற்றாவையும் ஏறச் சொன்னார். ஊரையெல்லாம் ஏற்றிய நான் எப்படி மாட்டேன் என்பது? இடம்பெயர்ந்தபோது, நடக்கமாட்டாத மாமியைச் சைக்கிளில் இருத்தி, மழைச் சேற்றுக்குள்ளால் முள்ளியவளை வரை நான் தள்ளி வந்த கதையைச் சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நடந்தது வேறு. தாயை வைத்துச் சைக்கிளைத் தள்ளியது றீற்றா. குடும்பம் இருக்க இடம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி, நான் காலையிலேயே ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இடம் பார்க்க அல்ல, பயத்தில் வந்தேன். மாமி நாலு மாதத்தில் கண்ணை மூடிவிட்டா.

மைக்கை றீற்றாவிடம் கொடுத்தேன். அவர் சொன்னபடிதான் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. கொட்டிலுக்கு நடந்து வரும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிற்காமலே கேட்டாள்: "அம்மா இல்லை எண்ட துணிவிலையோ அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அந்த மேடையில் ஏறிய மற்றச் சோடிகளெல்லாம் உண்மையைத்தான் சொன்னார்கள். பொய் சொன்னவன், உண்மையைச் சொல்லுங்கோ என்று ஊரைக் கெஞ்சித் திரிந்த நான் ஒருவன்தான்.