அக்கா கொண்டுபோன வெறும் பெட்டி

லண்டனுக்கு வந்த புதிதில் நான் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை யாராவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அவற்றை வாங்கி அடுப்பில் போட இன்றைக்கும் தயாராக இருக்கிறேன். அவ்வளவும் புளுகு. லூயிஷாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை. அதற்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, மூலையில் ஒரு காஸ் அடுப்பு. பகலில் கவுன்சில் அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற வேலை, மாலையில் பாண் ரொட்டியும் அவித்த முட்டையும். கடிதத்தில் மட்டும் நான் துரை.

அப்படி எழுதிய கடிதம் ஒன்றில்தான் அந்தப் பழம் வந்தது. "இங்கே வெயில் காலத்தில் ஸ்ட்ரோபெரி என்று ஒரு சிவத்தப் பழம் வரும். அதன்மேல் கிறீம் ஊற்றிச் சாப்பிடுவோம். தேன் மாதிரி இனிக்கும்" என்று அக்காவுக்கு எழுதினேன். சந்தையில் தள்ளுவண்டியில் அதைக் கண்டிருந்தேன், அவ்வளவுதான். வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஜூலையில் அக்கா லண்டன் பார்க்க வந்தாள். அத்தானுக்குக் கொழும்பில் ஒரு விமானக் கம்பனியில் வேலை; குடும்பத்தில் ஒருவர் இலவசமாகப் பறக்கலாம் என்று அந்த வருடம் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு எட்டு நாளைக்குப் புறப்பட்டாள். வருவதற்கு முன் எழுதிய கடிதத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: "நீ எழுதின அந்தப் பழத்தைக் கேட்டுப் பிள்ளையள் ஒரே ஆக்கினை. திண்டு பாத்து வந்து எப்பிடியெண்டு சொல்லுறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கண்டதில்லை. அந்த வரி ஒன்றுதான் அவள் கேட்டது. அதையும் பிள்ளைகளின் பெயரில் கேட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லாவிட்டால் என் கேவலம் விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒருவர் "சாப்பிடுங்கோ" என்றால் உடனே "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்று சொல்லவேண்டும். பசியில் குடல் கருகினாலும் அப்படித்தான் சொல்லவேண்டும். அது மறுப்பு இல்லை, மரியாதை. இரண்டாம் தரம் கேட்பார்கள், அப்போதும் வேண்டாம். மூன்றாம் தரம் வீட்டுக்காரர் எழும்பி வந்து, கையைப் பிடித்து இழுத்து, "என்ன கதை இது, சும்மா இருந்து சாப்பிடுங்கோ" என்று சத்தம் போட்டு இருத்துவார். அப்போதுதான் "சரி, ஒரு வாய்" என்று இருந்து நான்கு வாய் சாப்பிடலாம். முதல் கேள்விக்கே கை நீட்டுகிறவனைக் "காணாததைக் கண்டவன்" என்பார்கள்.

இந்தப் பழக்கம் வெள்ளைக்காரரிடம் செல்லாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். கோழியும் வாட்டிய உருளைக்கிழங்கும். அவருடைய மனைவி பெரிய தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார். நான் நல்ல பிள்ளையாக, வேண்டாம், நன்றி என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார்! இரண்டாம் தரம் வரும் என்று குசினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது தேத்தண்ணீர்தான். திரும்பி வரும்போது ஸ்டேஷன் வாசலில் நின்று சிப்ஸ் வாங்கித் தின்றேன்.

சூடு கண்ட பூனை என்ன செய்யவேண்டும்? இன்னொருவருக்கு அந்தச் சூட்டை வைக்காமல் இருக்கவேண்டும். நானோ அதை நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன். ஒருதரம் கேட்பது, பதிலை மதிப்பது, பெரிய மனுஷத்தனம் என்று நினைத்தேன். என் அறைக்கு வந்த கூட்டாளிகளிடமும் அப்படியே செய்து, தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பது சும்மாவா?

அக்கா வந்த வாரம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் வேலைக்குப் போக, அவள் அறையிலேயே இருந்து கறி சமைத்து, ஜன்னலால் பஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். ஞாயிறு காலையில் அவளுக்கு விமானம். சனிக்கிழமை நான் எழும்பும்போது அவள் மாக் குழைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யிறியள்?"

"கொஞ்சம் புட்டு அவிச்சுக் கட்டிக்கொண்டு போவமடா. பகல் முழுக்க அலையப் போறம்."

"ஐயோ அக்கா, இஞ்சை ஒருத்தரும் சாப்பாட்டுப் பார்சல் காவிக்கொண்டு திரியிறேல்லை. வெளியிலை சாப்பிடுவம்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். கையைக் கழுவிவிட்டு, வெறும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தாள். சேலைக்கு மேல் என்னுடைய கம்பளிச் சட்டை. காலில் செருப்பு, அதற்குள் குளிருக்கு என்னுடைய மேசு, அதுதான் காலுறை. நான் அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தேன். ஏன் முன்னால் நடந்தேன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், வழி காட்ட என்று சொல்லியிருப்பேன்.

ஊர் பார்ப்பதில் அக்காவைப்போல ஒரு ஆளைக் கண்டதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே நின்று, மணி அடித்து முடியும்வரை அசையமாட்டேன் என்றாள். பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவோடா தேம்ஸ்? மழைக்காலத்து வாய்க்கால் மாதிரிக் கலங்கலாயெல்லோ ஓடுது" என்றாள். நான் யாருக்காவது கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். தமிழில் சொன்னது யாருக்குக் கேட்கும், மடையன்!

கிரீனிச்சுக்குப் படகு எடுக்கிற இடத்தில் மீனும் சிப்ஸும் விற்றார்கள். வரிசையில் நின்றபடி கேட்டேன்.

"அக்கா, மீனும் சிப்ஸும் சாப்பிடுறியளோ?"

"எனக்கு வேண்டாமடா. நீ சாப்பிடு."

ஒன்று வாங்கினேன். படகில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, கடதாசியை விரித்து, வினாகிரி மணக்க மணக்கத் தின்றேன். அவள் கரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஒருதரம், "நல்ல மணமாயிருக்கு" என்றாள். "நல்ல மணமாயிருக்கு" என்றால் எங்கள் பாஷையில் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். அதற்குமேல் ஒரு மனுஷி வாய்விட்டு என்னத்தைச் சொல்வது? நான் "ம்" என்றேன்.

கிரீனிச் பூங்கா வாசலில் ஒரு பெண் மேசை போட்டு அந்தப் பழத்தை விற்றுக்கொண்டிருந்தார். சின்ன அட்டைப் பெட்டிகளில் சிவப்புச் சிவப்பாகக் குவித்து, பக்கத்தில் கிறீம். நல்ல வெயில், நீண்ட வரிசை. அக்காவின் நடை தானாக நின்றது.

"இதுவோடா அந்தப் பழம்?"

"ஓம்."

வரிசையில் சேர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடி. எங்கள் முறை வந்ததும் நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"சாப்பிடுறியளோ?"

"சீச்சீ, எனக்கு வேண்டாம். வயிறு நிறைஞ்சிருக்கு."

காலையில் குடித்த வெறும் தேத்தண்ணீரில் நிறைந்த வயிறு! அவளுடைய கண் பெட்டியை விட்டு அகலவில்லை. எனக்குத் தெரியும். விளங்காமல் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு புளுகு. செய்யவேண்டியது என்ன என்றும் தெரியும்: கையைப் பிடித்து இழுத்து, "என்ன கதை கதைக்கிறியள், சும்மா எடுங்கோ" என்று நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டிருக்கவேண்டும். அந்த நாலு பேர்தான் எனக்கு வெட்கம். பட்டிக்காட்டுக் கூட்டம் சண்டை பிடிக்கிறது என்று அந்தச் சோடி நினைத்துவிடுமே என்று பயந்தேன். கூடவே ஒரு எரிச்சலும். வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லலாமே, ஏன் என்னைக் கெஞ்ச வைக்கிறாள் என்ற எரிச்சல். விற்கிற பெண் ஒன்றா இரண்டா என்று கேட்டார். நான் ஒரு விரலைக் காட்டினேன்.

புல்லில் அமர்ந்து முதற் பழத்தைக் கடித்தேன். தேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புளி! கிறீம் இல்லாவிட்டால் முகம் கோணியிருக்கும்.

"எப்பிடியடா? தேன் மாதிரியோ?" அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதாவது ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்திருக்கலாம். வைத்தால் என் கடிதம் பொய்யாகிவிடும். "ஓம், தேன் மாதிரி" என்றேன். சொன்னதைக் காப்பாற்ற, ஒன்றும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் தின்று முடித்தேன்.

வெறும் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட எழும்பினேன். "எறியாதை, கொண்டா" என்று அக்கா வாங்கினாள். மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தாள். "வடிவான பெட்டி. பிள்ளையளுக்குக் கொண்டுபோய்க் காட்டுறன்" என்று கைப்பைக்குள் பக்குவமாக வைத்தாள்.

அறைக்குத் திரும்பியதும் நான் முகம் கழுவப் போனேன். வந்து பார்க்க, அக்கா சேலைகூட மாற்றாமல், அடுப்புக்கு முன்னால் நின்றபடி, சட்டியிலிருந்த முதல் நாள் சோற்றைப் பழங்கறியோடு குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சூடாக்கவும் பொறுமை இல்லை. அவ்வளவு பசி. முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஓசைப்படாமல் திரும்பக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அந்த முதுகு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் ஞாயிறு, கடையெல்லாம் பூட்டு. விமான நிலையத்தில் என் தலையைத் தடவி, "வடிவா ஊர் பாத்தன், நல்லாச் சாப்பிட்டன், உடம்பைப் பார்" என்றாள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் எழுதிய கடிதங்களில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. குறை சொல்லியிருந்தால் ஒரு மன்னிப்பாவது கேட்டிருப்பேன். நாட்டு நிலைமை கெட்டது, அவள் மறுபடி வரவில்லை, எனக்கும் போக முடியவில்லை. நான் கல்யாணம் கட்டி, லண்டனிலேயே செவன் கிங்ஸில் வீடு வாங்கினேன். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் விடமாட்டேன். காஸ் மீட்டர் பார்க்க வந்தவரையும் வடை தின்ன வைத்துத்தான் அனுப்புவேன். "உங்கட உபசாரத்துக்குப் பயந்தே ஒருத்தரும் வாறேல்லை" என்று மனைவி ஏசுவாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளுக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டில் அக்காவின் மகள் கல்யாணம் கட்டி லண்டனுக்கு வந்தாள். ஜூன் மாதம் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மனைவி ஸ்ட்ரோபெரி கழுவித் தட்டில் வைத்தாள்.

"வேண்டாம் மாமா, சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்."

நான் கேட்டேன், திரும்பக் கேட்டேன், கடைசியில் கையைப் பிடித்து ஒன்றை வைத்தேன். அவள் சிரித்தாள்.

"அம்மா சொன்னது சரிதான். இந்தப் பழத்தின்ரை கதையைச் சின்னனிலை எத்தினை தரம் கேட்டிருப்பம்! 'வேண்டாம் வேண்டாம் எண்டு சொன்னன், மாமா விட்டாத்தானே, கையைப் பிடிச்சு இழுத்து, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ரை வாயிலை தீத்திவிட்டவன்' எண்டு சொல்லுவா. அந்தப் பெட்டிக்குள்ளைதான் இப்பவும் ஊசி நூல் போட்டு வச்சிருக்கிறா."

சொல்லிக்கொண்டே பழத்தைக் கடித்தாள். முகம் சுருங்கியது.

"ஐயோ மாமா, புளிக்குது! அம்மா தேன் மாதிரி எண்டெல்லோ சொன்னவா?"

இந்தப் பழம் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்துப் பழம் வேறு என்றும் சொல்லியிருக்கலாம். அக்கா பதினாறு வருடமாக என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தாள். இன்னொரு பொய் சொன்னால் அது அப்படியே இருக்கும்.

"அம்மா அதைச் சாப்பிடேல்லைப் பிள்ளை" என்றேன். "முழுக்க நான்தான் திண்டனான். அவ வாயிலை ஒண்டும் வைக்கேல்லை."

"ஏன்? அம்மாவுக்குப் பிடிக்கேல்லையோ?"

"நான் ஒருதரம்தான் கேட்டனான்."

அவளும் எங்கள் பிள்ளைதானே. மேலே விளக்கம் தேவைப்படவில்லை. கடித்த பழத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"நீங்கள் சாப்பிடுங்கோ மாமா."

"எனக்கு வேண்டாம் பிள்ளை" என்றேன்.

அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை.