காளியாயி அம்மா கண்ணில் கோளாறு இல்லை

வீடு வீடாகப் போய் டிவி மாட்டுவது என் தொழில். பன்னிரண்டு வருடமாக 'படம் சரியில்லை' என்ற புகாருக்கு நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "புது டிவி இப்படித்தாங்க இருக்கும், பழகிடும்." பெரும்பாலானவர்கள் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். பொன்மலையில் ஒரு அம்மாவிடம் மட்டும் அது எடுபடவில்லை.

அவர் பெயர் காளியாயி. வயது அறுபத்து மூன்று. கணவர் தைரியராஜ் ரயில்வே பணிமனையில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால், அந்த வேலை இவருக்கு வந்தது. அப்போது வயது இருபத்தாறு, இடுப்பில் ஒரு பிள்ளை. கூட்டிப் பெருக்கத்தான் போட்டார்கள். மூன்று வருடம் பெருக்கிவிட்டு, ஒருநாள் ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரிவின் போர்மேன் முன்னால் போய் நின்று, "நேத்து அடிச்ச பெட்டிக்கும் இன்னைக்கு அடிச்ச பெட்டிக்கும் கலர் ஒத்துப்போகலைங்க" என்றிருக்கிறார். பெருக்குகிறவளுக்கு என்ன தெரியும் என்று எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பெட்டிகளையும் வெயிலில் இழுத்துப் போட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை அங்கே கலர் பார்ப்பது அவர்தான். சின்னத் தகரத் துண்டில் பெயிண்டைத் தடவி, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் பெட்டிக்கு அடிப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. தென்னூரில் நஸ்ருல்லா பாயின் டிங்கரிங் பட்டறைக்கு அடிபட்டு வரும் கார்களுக்கு, பழைய நிறத்துக்கு ஒத்த பெயிண்டைக் கலந்து கொடுத்துவந்தார். இந்த வருடம் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மகன் ஜெயக்குமாருக்கு அதுவே சாக்காகிவிட்டது. "உழைச்சது போதும்மா, வீட்ல உட்காரு" என்று சொல்லி, சுவரில் பாதியை அடைக்கிற மாதிரி ஒரு டிவியை வாங்கிவந்தார். அதை மாட்டியது நான்.

இரண்டாம் நாளே புகார் வந்தது. போனேன்.

"தம்பி, மனுஷங்க மூஞ்செல்லாம் மஞ்சளை அப்பின மாதிரி இருக்கு. பச்சை கண்ணைக் குத்துது. நானே செட்டிங்ல போயி மாத்தி வைக்கிறேன், கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடுது."

அந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி, கடைசி வீடு ஸ்ரீரங்கத்தில். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், படம் நன்றாகத்தான் இருந்தது. கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "ஆபரேஷன் பண்ண கண்ணாம்மா? அப்படின்னா கொஞ்ச நாளைக்குக் கலரு அப்படித்தான் தெரியும்" என்றேன். நான் என்ன டாக்டரா? எங்கோ அரைகுறையாகக் கேட்டதை அவிழ்த்துவிட்டேன்.

ஜெயக்குமார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றே நஸ்ருல்லா பாய்க்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு இப்பக் கலர் சரியாத் தெரியலைங்க. டிவிக்காரரே சொல்லிட்டாரு. இனிமே வேலைக்குக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த அம்மா சம்பாதித்து வைத்த பெயர், என் ஒரு வாய்ச்சொல்லில் போயிற்று.

இது எனக்கு மூன்றாம் முறை போனபோதுதான் தெரியும். அந்த அம்மா கம்பெனிக்கு ஐந்து புகார் போட்டு, மாட்டிய ஆளேதான் வரவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். எரிச்சலோடுதான் போனேன். மகனும் வீட்டில் இருந்தார்.

"உட்காருங்க தம்பி. ரிமோட்டைத் தொடாதீங்க. டேய், நீயும் உட்காரு."

"அம்மா, அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். உன் கண்ணை மறுபடி டாக்டர்கிட்ட காட்டலாம்."

"போன வாரமே போயிட்டு வந்துட்டேன். கண்ணு சுத்தமா இருக்குன்னாரு. உன்கிட்ட சொன்னேன், நீ நம்பலை. டிவிக்காரரை நம்புன."

பிறகு ஒரு டைரியை என்னிடம் நீட்டினார். பதினோரு வரி இருந்தது. 'சாதாப் படம் வைத்தது 10.05. மாறியது 10.10.' கேபிள் இருந்தபோது ஒரு தடவை, எடுத்தபோது ஒரு தடவை, ஜன்னலைத் திறந்து, மூடி என்று ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தார். பணிமனையில் கலர் ஒத்துப்போகாவிட்டால் இப்படித்தான் தேடுவார்களாம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் தப்பு எதில் இருக்கிறது என்று தெரியாது. என் தொழிலில் நான் ஒருநாள்கூட இவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததில்லை.

படத்தைச் சாதாவுக்கு மாற்றிவிட்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடியது. சோறு சோற்றின் நிறத்தில் இருந்தது. ஜெயக்குமார் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடம், யாரும் எதையும் தொடாமலே, சோற்றில் நீலம் ஏறியது. சமைக்கிற பெண்ணின் கன்னம் ஆரஞ்சாகிவிட்டது.

"இப்ப யாரு கண்ணு கெட்டுப்போச்சு?" என்றார், குரலை உயர்த்தாமல்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புது டிவியை முதல்முதலாகப் போடும்போது, வீட்டுக்கா கடைக்கா என்று அது கேட்கும். கடை என்று சொல்லிவிட்டால், வருகிறவர் போகிறவர் எதை மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே பளபளப்புக்குத் திரும்பிவிடும். டியூப்லைட்டுக்கு நடுவில் ஆளை இழுக்க வேண்டுமே. அந்த வாரம் முழுக்க நான் ஒரு ஷோரூமில் வரிசையாக டிவி போட்டுக்கொண்டிருந்தேன். அதே கைப்பழக்கத்தில் இந்த வீட்டிலும் கடை என்று அழுத்திவிட்டேன். சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம். நிறம் மாறவில்லை.

"தப்பு என்னோடதுதாம்மா. மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் முதல்லயே தெரியுமே. பாய்கிட்ட சொல்லுங்க."

அவரே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மகன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் மென்று முழுங்காமல் சொன்னேன்: "பாய், டிவியைக் கடை செட்டிங்ல விட்டுட்டுப் போனது நான்தான். அம்மா கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. நான் தெரியாம பேசிட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். "அக்கா, ஒரு சாம்பல் கலர் காரு நாலு நாளா நிக்குது. மெஷின்ல கலந்து மூணு தடவை அடிச்சாச்சு. கதவு மட்டும் தனியாத் தெரியுது."

"இன்னொரு தடவை அடிச்சிடாதீங்க பாய். வெளிச்சம் இருக்கும்போதே வந்துடறேன்."

அலமாரியிலிருந்து தகரத் துண்டுகள் போட்ட பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஜெயக்குமார் எழுந்துவந்தார்.

"இவ்வளவு மல்லுக்கட்டி டிவியைச் சரிபண்ண வச்சியே, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கக் கூடாதாம்மா?"

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நீ பாரு. நான் டிவி பார்க்கவா கண்ணை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்?"

ஜெயக்குமார் டிவியை அணைத்துவிட்டு, அம்மாவைக் கொண்டுபோய் விட வண்டிச் சாவியை எடுத்தார்.