மாடியிலிருந்து வந்த பன்

எங்கள் தச்சநல்லூர் வீட்டு மாடியைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ‘ஆன்லைன்ல வேலை’ என்றார்கள். நாங்கள் சைவம், வீட்டில் அசைவம் கூடாது என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே என் மனைவிக்கு அந்தப் பெண்மேல் இரக்கம் பிறந்துவிட்டது. சாப்பாடு கொண்டுவரும் பைக்காரர்கள் மத்தியானமும் சாயங்காலமும் வெளிப்படிக்கட்டில் ஏறி இறங்கியபடியே இருந்தார்கள்.

“அந்தப் பிள்ளைக்குச் சமைக்கவே தெரியாது போல. எந்நேரமும் வாங்கித்தான் திங்குதாவ” என்பாள். அடிக்கடி ரசமும் பொரியலும் மாடிக்குப் போகும். பாத்திரம் பளபளவென்று கழுவித் திரும்பி வரும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, “இன்னைக்கு யாரும் சமைக்க வேண்டாம். பாவோ பன் சொல்லட்டா?” என்றாள்.

“பாவமா? அது என்ன பன்னு?”

“பாவோப்பா. சீனாக்காரங்க ஆவியில வேக வெக்கிற பன். நம்ம ஊர்லயே கிடைக்குதே!”

செல்போனில் படம் காட்டினாள். வெள்ளை வெளேரென்ற பன் ஒன்று வாயைப் பிளந்து காளானைக் கவ்விக்கொண்டிருந்தது. அதோடு மூன்று கிண்ணச் சோறும் சொன்னாள். அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட இடமே கிடையாதாம். வெறும் சமையலறைதானாம். போனில் சொன்னால் வீட்டுக்கு வருமாம். மேப்பில் கடையும் எங்கள் வீடும் ஒரே இடத்தில் நின்றன.

“மேப்பு தப்பாக் காட்டுது” என்றாள் மகள்.

சற்று நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. நடுவயதுக்காரர். நான் கையை நீட்டினேன். “பொறுங்க அண்ணாச்சி” என்று என்னைத் தாண்டி மாடியேறினார். பொட்டலத்தோடு இறங்கி வந்தவர் செல்போனைப் பார்த்தார், எங்கள் கதவு எண்ணைப் பார்த்தார், மறுபடி செல்போனைப் பார்த்தார்.

“வண்ணார்பேட்டையில இருந்து இந்த வெயில்ல வாரேன் அண்ணாச்சி. மாடியில இருந்து கீழ கொண்டாரதுக்கா? ஒரு சத்தம் குடுத்தா அவங்களே தந்திருப்பாங்கள்லா?”

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தேன். மனைவிதான் கேட்டாள்.

“அப்ப இத்தனை நாளும் அவ வாங்கித் திங்கலையா? விக்குதாளா?”

அவள் முன்னே போக, நாங்கள் பின்னால் ஏறினோம். கூடத்தில் சோபா இல்லை, டிவி இல்லை. பெரிய ஃபிரிட்ஜ், ஆவி பறக்கும் அடுக்குப் பாத்திரங்கள், மேசை முழுக்க மாவு உருண்டைகள். தலையில் துணி கட்டியிருந்த அந்தப் பெண்ணுக்கு எங்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

“கடைன்னா யாரும் வீடு தரலீங்க ஆன்ட்டி. ஆனா முட்டைகூட உள்ள வந்ததில்லைங்க. எல்லாம் காளானும் பன்னீரும்தான்.”

“அதெல்லாம் இருக்கட்டும். நான் குடுத்தனுப்புன ரசத்த என்ன செஞ்ச?”

“நாங்க ரெண்டு பேரும் அதைத்தாங்க சாப்பிடுவோம். நாள் முழுக்க இந்தப் பன்னையே பார்த்துட்டு, இதை வாயில வெக்கவே முடியலீங்க.”

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முறையாக லைசென்ஸ் எடுக்க வேண்டும், கரண்டுக்குத் தனி மீட்டர் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அந்தப் பெண்ணின் கணவன் மட்டும் தலையாட்டினான். பெண்கள் இருவரும் மாவை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கீழே வந்து சாப்பிட்டோம். பன் பஞ்சு மாதிரி இருந்தது. எத்தனை ஸ்டார் போடுவது என்று மகள் கேட்டாள்.

“அஞ்சு போடு. சோறு குழைஞ்சிருக்குன்னும் எழுது” என்றாள் மனைவி.

“அது அப்படித்தாம்மா இருக்கணும்.”

“அப்ப, உப்பு கம்மின்னு எழுது.”