மட்டக்குளிப் பிள்ளைக்கு நான் கொடுத்த பயிற்சி

டிவியில் புதிதாக ஒரு பாட்டு நகைச்சுவைத் தொடர் வரப்போகிறது. கதாநாயகி, கொழும்பு மட்டக்குளியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் தாயின் மகள். இன்று அந்த வேடத்துக்கான ஒடிஷனுக்குத் தங்கச்சியின் மகள் நிரோஷாவைக் கூட்டிப்போனேன்.

மூன்று நாளாக அவளுக்குச் சென்னைத் தமிழ் பழக்கியதும் நான்தான். டிவி என்றால் அப்படித்தானே பேச வேண்டும்? சென்னைக்காரனே அசந்துபோவான், அப்படிப் பேசினாள்.

இரண்டாவது வசனத்திலேயே டைரக்டர் அம்மா, "காணும் பிள்ளை, நீங்க போகலாம்" என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

வாசலில் நிரோஷா வெடித்தாள். "உங்கட கதையைக் கேட்டு எல்லாம் நாசம் மாமா! மட்டக்குளிப் பிள்ளை எங்கயாவது அப்பிடிக் கதைக்குமா?"

அவள் போட்ட சத்தத்தில் தெருவில் பஸ் எல்லாம் நின்றுவிட்டது. டைரக்டர் அம்மாவும் ஓடிவந்தார். "இதுதான் எனக்கு வேணும்! இந்த ஏச்சை அப்பிடியே பாடுங்கோ, பாப்பம்."

இப்போது உள்ளே பாடுகிறாள். நான் வாசலில் நடந்து நடந்து செருப்பே தேய்ந்துவிட்டது.

வரிக்கு வரி எனக்குத்தான் ஏச்சு. அவள் தெரிவு செய்யப்பட்டால், பாட்டாசிரியர் என்று என் பெயரைத்தானே போட வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.